அட்டையில் எழுதிய மூன்று

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ரயிலோட்டி இருந்தானாம். அவனுக்கு ஒரே ஒரு பெருங்குடல் இருந்ததாம். ஐம்பத்தெட்டு பெட்டி நிலக்கரியை இழுக்கிற எஞ்சின் அவன் சொன்னபடி கேட்குமாம், அஞ்சடி நீளத்துக் குடல் மட்டும் கேட்காதாம். வேடியப்பனின் கதையை இப்படித் தொடங்கினால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் என்றால் அவனும் சிரித்திருப்பான். இப்போது சிரிப்பதற்கும் தும்முவதற்கும் வயிற்றிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. ஆராய்ச்சிப் பிரிவு என்று எழுதிய கதவுக்கு வெளியே நீளமான நடை, சுவரோரம் மூன்று மூன்றாகச் சேர்த்துப் பற்றவைத்த இரும்பு நாற்காலிகள். மணி ரெண்டு. ஒருவர் எழுந்தால் அந்த வரிசையே ஆடியது, ஆடும்போதெல்லாம் அவன் அடிவயிறு என்ன என்ன என்று விழித்துக்கொண்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து கழிவறைக்கு முப்பத்தொரு காலடி. வந்ததும் முதல் வேலையாக அதை நடந்து பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். கதவில் தாழ்ப்பாள் இருக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, உள்ளே ஆள் இல்லை. இந்த மூன்றும் தெரிந்தால்தான் எந்த ஊரிலும் எந்தக் கட்டடத்திலும் அவனுக்கு உட்கார வரும். பக்கத்து நாற்காலியில் சிலம்பரசியின் கைப்பை. அவள் ஆதார் அட்டையை நகலெடுக்கக் கீழே போயிருந்தாள். மடியில் மஞ்சள் அட்டை. ஏழு நாள், ஏழு கட்டம். ஒவ்வொரு நாளும் எத்தனை முறை கழிவறைக்குப் போனாய், ரத்தம் வந்ததா, என்று கேட்கிற அட்டை. எல்லாக் கட்டத்தையும் நிரப்பியாகிவிட்டது. அழகான கையெழுத்து. எஞ்சின் பதிவேட்டில் எழுதி எழுதிப் பழகிய கை.

களைப்பாக இருந்தது. தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை இது. தூங்கி எழுந்ததும் முதலில் வந்து உட்காருகிற களைப்பு. ரத்தம் குறைந்துபோன உடம்பு எதையும் முழுசாகச் செய்ய விடுவதில்லை, பயப்படக்கூட விடுவதில்லை, பாதி பயந்ததும் அலுத்துப்போகிறது. எதிர்ச் சுவரில் சத்தமில்லாமல் டிவி ஓடியது, யாரோ ஒரு பெண் அடுப்பில் எதையோ தாளித்தாள், அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். கடுகு. கடுகு போன வருஷமே நின்றுவிட்டது, மிளகாய் அதற்கு முன்னால், கீரை, பால், கொய்யா, வரிசையாக ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஸ்டேஷனில் இறங்கிப் போன மாதிரி இறங்கிப் போய்விட்டன, கடைசியில் வண்டியில் மிச்சம் இருப்பது தயிர்சோறும் அவனும்தான். ஸ்டேஷன் என்றதும் தாசம்பட்டி ஞாபகம் வருகிறது. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனையும் மற்ற டிரைவர்கள் சிக்னலை வைத்து ஞாபகம் வைத்திருப்பார்கள், ஏற்றத்தையும் வளைவையும் வைத்து ஞாபகம் வைத்திருப்பார்கள். அவனுக்குப் புதர்களை வைத்துத்தான் தெரியும். தாசம்பட்டியில் வண்டியை ஒதுக்கி நிறுத்துகிற லூப் லைனில் வேலிக்கருவை, அடர்த்தி போதும். மொரப்பூரில் பிளாட்பாரக் கோடியில் கழிவறை உண்டு, பூட்டியிருந்தாலும் இருக்கும். பொம்மிடிக்கும் லோக்கூருக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது, பாறை, வெயில், மேய்கிற ஆடு. எஞ்சினில் கழிவறை இல்லை என்று சொன்னால் வெளியாட்கள் நம்புவதில்லை. "அவ்ளோ பெரிய எஞ்சின்ல ஒரு மூலையில வைக்க மாட்டாங்களா?" என்று சிலம்பரசியே கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறாள். வைக்கவில்லையே. கூட வருகிற உதவி டிரைவர் பிரிசில்லா, ஜோலார்பேட்டை ரயில்வே காலனிப் பெண், இருபத்தாறு வயசு, அவள் டூட்டி ஏறினால் இறங்கும்வரை தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று அவன் கேட்டதில்லை. வண்டி லூப்பில் நிற்கும்போது பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவன் ஏன் இறங்குகிறான் என்று அவளும் கேட்டதில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலுக்குப் போய், அங்கே பார்ப்பதற்கு ஏதோ இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பாள். ரெண்டு பேரும் ஒரே எஞ்சினில் ஒரே விஷயத்தை ஒளித்துக்கொண்டு மேட்டூர் வரைக்கும் நிலக்கரி கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஒளிக்கத் தொடங்கியது டாக்டரிடம்தான். ரயில்வே டாக்டர். டிரைவர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை. கண், காது, நெஞ்சு, நடை. தேறினால் எஞ்சின், தேறாவிட்டால் ஏதாவது ஆபீஸில் ஒரு நாற்காலி, ஒரு ரப்பர் ஸ்டாம்பு. "வயிறெல்லாம் எப்படி?" என்றார் அவர், தலை நிமிராமல். "நார்மல் சார்" என்றது வாய். அன்றைக்குக் காலையில் ஆறு முறை போயிருந்தான். அந்த வார்த்தை எப்படி அவ்வளவு சுத்தமாக வெளியே வந்தது என்று அவனுக்கே ஆச்சரியம், அதற்கப்புறம் ஆச்சரியம் போய்ப் பழக்கமாகிவிட்டது. சாப்பாடு? நார்மல். தூக்கம்? நார்மல். வெளியூரில் தனியார் டாக்டரைப் பார்த்து, ஸ்டீராய்டு மாத்திரை தின்று முகம் உப்பியபோது, "என்ன வேடி, பொண்டாட்டி கைச் சமையலா, பூசணிக்கா மாதிரி ஆயிட்ட" என்று ஓய்வறையில் கேலி செய்தார்கள், அதற்கும் சிரித்து வைத்தான். சிலம்பரசிக்கு நோய் தெரியும், பெயர் தெரியும், பெருங்குடல் முழுக்கப் புண் என்று தெரியும். மாத்திரையில் அடங்கிவிட்டது என்றும் தெரியும். அப்படித்தான் அவன் சொல்லியிருந்தான். குளியலறைத் தாழ்ப்பாளுக்கு எஞ்சின் கிரீஸ் கொண்டுவந்து தடவியதும் அவன்தான். சத்தமில்லாமல் போட வரும், சத்தமில்லாமல் எடுக்க வரும். ஒரு திருடன் தன் வீட்டுக்குள்ளேயே அவ்வளவு நேர்த்தியாக நடமாடியிருக்க மாட்டான்.

அடங்கவில்லை என்று குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்த படம் சொன்னது. இந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் சாதிக் அலி, நிதானமான மனுஷன், பேசும்போது மேஜைமேல் பேப்பரை வைத்துப் படம் போட்டுக்கொண்டே பேசுவார். "மருந்து எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு வேடியப்பன். இனிமே பெருங்குடலை எடுத்துட்டு மலம் சேர வயித்துல பை வைக்கறதுதான் வழி. அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. புதுசு. சோதனையில இருக்கு. கேரண்டி எல்லாம் என்னால கொடுக்க முடியாது." அவர் விளக்கியது இது: நம் குடல் சுவரில் இருக்கிற உயிரணுக்கள் தங்களையே எரித்துக்கொள்கின்றன, அதை அமர்த்துகிற ஒரு பொருளை அவையே தயாரிக்கும்படி ஒரு மரபணுவை உள்ளே அனுப்புவது, அனுப்புவதற்கு வண்டி, ஒரு வைரஸ். "அதோட கெட்ட வேலையெல்லாம் கழட்டிட்டோம். வெறும் வேகன் மாதிரி. சரக்கை ஏத்தி அனுப்பறோம், குடல் சுவர்ல போய் இறக்கிடும்." அவனுக்குத் தெரிந்த பாஷையில் சொல்ல வேண்டும் என்று மெனக்கெட்டார். அவன் கேட்டது ஒரே கேள்வி. "சார், இதுக்கு பிரேக் உண்டா?" டாக்டர் பேனாவை மூடினார். "இல்ல. போனது போனதுதான். திருப்பிக் கூப்பிட முடியாது. நீங்க பதினஞ்சு வருஷம் வந்து காட்டிட்டே இருக்கணும்." அந்த ஒரு பதிலுக்காகவே அவன் சரி என்றான், பொய் சொல்லாத ஆளாக இருக்கிறாரே என்று. பிறகு ஒப்புதல் படிவம், இருபத்திரண்டு பக்கம், பதினேழாவது பக்கத்தில் சிகிச்சைக்கு அப்புறம் ஒரு வருஷம் குழந்தைக்கு முயற்சி செய்யக் கூடாது என்று இருந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம். அடங்கியது திரும்ப வராமல் இருக்கத்தான் இது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தான். சிலம்பரசி அந்தப் பக்கத்தை ரெண்டு முறை படித்தாள், விரலை வரிக்கு மேல் வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி. "ஏழு காத்தாச்சு. எட்டாவதையும் காத்துட்டுப் போவோம்" என்று கையெழுத்துப் போட்டாள். மாடிப்படி இறங்கும்போது மட்டும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், அவனுக்கு ஆதரவாகவா தனக்கா என்று கேட்க முடியாத பிடி. கேட்டிருந்தால் அவளும் நார்மல் என்று சொல்லியிருப்பாளோ.

"உங்களுக்கு எவ்ளோண்ணே வந்துச்சு?" என்றது ஒரு குரல். நாற்காலி ஆடியது, வயிறு விழித்தது. ஈரோட்டில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிற சுபைதா, காலையில் ரத்தம் எடுக்கிற இடத்தில் பழக்கம். நாற்பது வயசிருக்கும், கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம், கன்னம் ஒட்டிப்போனதை எதனாலும் மறைக்க முடியவில்லை. அவள் மடியிலும் ஒரு மஞ்சள் அட்டை. "என்னது எவ்ளோ?" "அட்டையிலங்க. நேத்திக் கட்டத்துல நான் பதினாலு போட்ருக்கேன். நெசமாப் போனது பன்னெண்டுதான். ரெண்டு சேத்துப் போட்டேன், அல்லா மன்னிப்பான்." அவன் சிரிக்கப் பார்த்தான். "எதுக்குக்கா சேத்துப் போடணும்? கொறச்சுப் போட்டாத்தான எடுப்பாங்க?" சுபைதா அவனைத் திரும்பிப் பார்த்தாள், ஒரு வாடிக்கையாளரின் முடியைக் கையில் எடுத்துப் பார்க்கிற மாதிரி. "அண்ணே, இதென்ன போலீஸ் வேலைக்கு ஆளெடுக்கறாங்களா? நோவு இருக்கறவங்களுக்குத்தான் வைத்தியம். ஏழு நாளைக்குச் சேத்து சராசரி ஆறுக்குக் கொறஞ்சா வீட்டுக்குப் போன்னுருவாங்க. போன மாசம் என் முன்னாடியே ஒருத்தரத் திருப்பி அனுப்புனாங்க." "அதான் குழா விட்டுப் பாப்பாங்களே? உள்ள புண்ணு தெரியுமே?" "மொதல்ல அட்டை. அட்டையில தேறுனாத்தான் குழா. எலிக்கு நல்லா வேலை செஞ்சுச்சாம்ணே. எலிக்கு அடுத்து நாமதான். எலிக்கெல்லாம் அட்டை கெடையாது, குடுத்து வச்சதுக." அவளே சொல்லி அவளே சிரித்தாள், சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா, சிரிக்க வெச்சிட்டீங்க" என்று எழுந்து அந்த முப்பத்தொரு காலடியையும் பத்தே தாவலில் தாண்டி ஓடினாள்.

வேடியப்பன் அட்டையைப் பார்த்தான். ஞாயிறு மூன்று, திங்கள் மூன்று, செவ்வாய் மூன்று, புதன் நான்கு, வியாழன் இரண்டு, வெள்ளி மூன்று, சனி மூன்று. ரத்தம்: இல்லை, இல்லை, லேசாக, இல்லை. எவ்வளவு பதவிசான வயிறு. எழுதும்போது இது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. சோதனை என்று சொன்னார்கள், ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள், அவனுக்குத் தெரிந்த சோதனையில் தேறுகிறவன் நல்ல உடம்புக்காரன். முதுகு நிமிர்ந்து நிற்க வேண்டும், கண் கூர்மையாக இருக்க வேண்டும், நார்மல் சார். நோயாளியாக இருந்தால்தான் தேற முடியும் என்கிற ஒரு பரீட்சை உலகத்தில் இருக்கும் என்று அவன் புத்திக்கு எட்டவேயில்லை. வியாழக்கிழமைக்கு இரண்டு என்று எழுதியபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அன்றைக்குத்தான் பத்து முறை போனான். அதோடு அட்டை தொங்கியது சமையலறை வாசலில், தினசரி காலண்டர் மாட்டுகிற ஆணியில். காலையில் தேதி கிழிக்கிறவள் சிலம்பரசி. அவள் கண்ணுக்கும் சேர்த்துத்தான் எழுதினான். இப்போது அந்த மூன்றுகள் வரிசையாக உட்கார்ந்து அவனைப் பார்த்தன. மூன்றுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கிறது. அந்தத் திறந்த பக்கத்தை ரெண்டு வளைவு போட்டு மூடினால் எட்டு. சட்டைப் பையில் பேனா இருந்தது, அதே நீல மை. நடையில் யாரும் பார்க்கவில்லை, டிவிப் பெண் தாளித்து முடித்து யாருக்கோ பரிமாறினாள். செவ்வாய்க்கிழமையின் மூன்றை எடுத்துக்கொண்டான். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. எட்டு. உண்மையில் செவ்வாய்க்கிழமை எட்டுதான், ஒன்பதாகவும் இருக்கலாம். பொய்யைத் திருத்தி உண்மையாக்குகிறேன், இதில் என்ன தப்பு. ஆனால் நான்கை என்ன செய்வது. வியாழக்கிழமை இரண்டை எதாக மாற்ற முடியும். பேனா வெள்ளிக்கிழமைக்கு மேல் வந்து நின்றது. நின்றதும் தானிஷ்பேட்டை ஸ்டேஷன் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

வராமல் இருக்க வேண்டும் என்று மூணு வாரமாகத் தள்ளித் தள்ளி வைத்த தானிஷ்பேட்டை. எஞ்சினில் ஒரு விதிமுறை உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் கையை நீட்டி அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், உதவி டிரைவரும் தன் கண்ணால் பார்த்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பச்சை. பச்சை. மஞ்சள். மஞ்சள். பார்த்தது மட்டும் போதாது, சொல்ல வேண்டும். ஒருவன் சொன்னது மட்டும் போதாது, இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்கிற வார்த்தை, தூக்கத்தில்கூட வரும், சிலம்பரசி பல தடவை எழுப்பியிருக்கிறாள், யாருக்கு மாமா பச்சை காட்டற என்று. அன்றைக்கு மத்தியானம் மூணு மணி வெயில், பின்னால் ஐம்பத்தெட்டு பெட்டி, வயிற்றுக்குள் யாரோ துணி பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு, அவன் கண்ணை மூடிக்கொண்டான். ரெண்டு விநாடியா, மூணா. ஸ்டேஷனுக்குள் நுழைய அனுமதி தருகிற ஹோம் சிக்னலை நோக்கி மூடிய கண்ணோடு கை நீண்டது, வாய் சொல்லிற்று, "ஹோம் பச்சை." நார்மல் சார் என்று சொல்கிற அதே வாய், அதே சுத்தம். பிரிசில்லா திருப்பிச் சொல்லவில்லை. அந்த அரை விநாடி மௌனத்தைத்தான் அவனால் இன்னும் தாண்ட முடியவில்லை. பிறகு அவள் குரல் உயராமல், மரியாதை குறையாமல் சொன்னாள்: "மஞ்சள் சார். ஒத்த மஞ்சள்." கண் திறந்தால் மஞ்சள். அடுத்தது சிவப்பு என்று அர்த்தம். பிரேக் போட்டான், எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும், நின்றது, சிவப்புக்கு முன்னால் போதுமான இடம் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. இறங்கிப் போகக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தான். பிரிசில்லா தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். "என்னுது ஃபுல்லாத்தான் சார் இருக்கு. எடுத்துட்டுப் போங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, அவனிடமே மறுபடி சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டுவிட்டு, அவன் சொல்லட்டும் என்று அந்த ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாளோ என்னவோ.

பேனாவை மூடிப் பையில் வைத்தான். வைக்கும்போது எதிரில் சிலம்பரசி வந்தாள், ஒரு கையில் நகல், ஒரு கையில் மோர் பாக்கெட். "உப்பு போடாத மோர் கேட்டா ஆஸ்பத்திரி கேன்டீன்ல என்னைய ஒரு மாதிரி பாக்கறான் மாமா. இது ஆஸ்பத்திரிதானன்னு கேட்டேன்" என்று நாற்காலியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் அட்டையைக் கவிழ்த்து வைத்தான். கைபேசி அதிர்ந்தது. பிரிசில்லா: நாளைக்குக் காலையில ஆறு மணி வண்டி நமக்கு சார், ஐம்பத்தெட்டு, மேட்டூர். அவன் பதில் போடவில்லை. மணி மூன்று, மூன்றரை. நடை காலியாகிக்கொண்டே வந்தது. ஊன்றுகோல் வைத்திருந்த கிழவர் போனார், கல்லூரிப் பையன் ஒருவன் அவன் அப்பாவோடு போனான், போகும்போது அப்பா மகனைத் திட்டிக்கொண்டே அவன் பையையும் தானே தூக்கிக்கொண்டார். சுபைதா உள்ளே போய், அரை மணி கழித்து வெளியே வந்தாள். உதட்டுச் சாயத்தைப் புதிதாகப் போட்டிருந்தாள். "தேறிட்டேண்ணே. அடுத்த வாரம் குழா. நாலு பேருல ஒருத்தருக்கு மருந்துக்குப் பதிலா வெறும் உப்புத்தண்ணிதான் குடுப்பாங்களாம், யாருன்னு சொல்ல மாட்டாங்களாம். என் ராசிக்கு உப்புத்தண்ணிதான்." சிலம்பரசியிடம் திரும்பி, "புருஷன நல்லாப் பாத்துக்கங்க. நோவாளிக்கு உண்டான வெவரம் பத்தல" என்று சொல்லிவிட்டு லிப்டை நோக்கிப் போனாள். "என்ன மாமா சொல்லிட்டுப் போறாங்க?" "சும்மா." சும்மா. நார்மல். பச்சை. ஒரே குடும்பத்து வார்த்தைகள். மோர் குளிர்ச்சியாக இறங்கியது, இறங்கிய இடத்தில் எல்லாம் எரிந்தது. திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு ஆறு மணிக்கு எஞ்சின் ஏறலாம், இன்னும் ஆறு மாசமோ பத்து மாசமோ தாசம்பட்டிப் புதர், அப்புறம் பெருங்குடல் ஒரு தட்டில், வயிற்றில் பை. அதுவரை மஞ்சளைப் பச்சை என்று எத்தனை தடவை சொல்வான், அத்தனை தடவையும் பக்கத்தில் ஒரு பிரிசில்லா இருப்பாளா. சொன்னால் என்ன ஆகும் என்றும் நினைத்தான். பதினொரு வருஷம் ஓட்டிய எஞ்சின் போகும், ரப்பர் ஸ்டாம்பு வரும்; வேகன் உள்ளே போகும், பிரேக் இல்லாதது, போய்ச் சரக்கை இறக்குமோ கவிழுமோ. ரெண்டு பக்கமும் நினைத்து முடிக்கும் முன்பே அலுப்பு வந்து மூடியது. யாராவது வந்து நீ இந்தப் பக்கம் போ என்று தண்டவாளத்தின் பாயிண்ட்டை மாற்றிவிட்டால் பேசாமல் போய்விடலாம் என்று இருந்தது.

நாலேகால் மணிக்கு அந்தக் கதவு திறந்து, சோதனைக்கு ஆள் எடுக்கிற பட்டியலைப் பார்க்கிற ஹேமாவதி தானே வெளியே வந்தாள். "உள்ள ஏசி போயிடுச்சு, இங்கயே பாத்துடலாம்ணா. நீங்கதான் கடைசி" என்று மடிக்கணினியோடு எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினாள். அவன் அட்டையைக் கொடுத்தான். அவள் விரல் ஒவ்வொரு கட்டமாக இறங்கியது. "மூணு, மூணு, எட்டு..." நின்றது. "செவ்வாய்க்கிழமை மட்டும் எட்டா? அன்னைக்கு வெளில எங்கயாவது சாப்பிட்டீங்களா?" "வெளில எங்கயும் சாப்புடலயே" என்றாள் சிலம்பரசி. "தயிர்சோறுதான்." ஹேமாவதி கூட்டிப் பார்த்தாள். "இருந்தாலும் சராசரி நாலு கூட வரலண்ணா. ஒருவகையில நல்ல சேதிதான். இந்தச் சிகிச்சை வேண்டியதில்லாத அளவுக்கு உங்க உடம்பு நல்லா இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லிடறேன், நீங்க கெளம்பலாம்." நீங்கள் கிளம்பலாம். பாயிண்ட் மாறிவிட்டது, பேசாமல் போய்விடலாம், எழுந்தால் போதும். அவன் எழுந்தான், நாற்காலி ஆடியது. சிலம்பரசி எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் பார்ப்பதற்கு ஏதோ இருக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பார்வையை அவன் வேறோர் இடத்தில், வேறொரு ஜன்னலில் பார்த்திருக்கிறான். மறுபடி உட்கார்ந்தான். "அம்மா, அது தப்பு" என்றான் ஹேமாவதியிடம். "எது தப்பு?" "எல்லாம். அட்டை முழுக்க. ஞாயித்துக்கெழமை மூணு இல்ல." வலது கை தானாக முழங்காலிலிருந்து எழுந்து நீண்டது, அவனுக்கே தெரியாமல். "ஒம்பது."

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. அதே அரை விநாடி.

"பதினொண்ணு" என்றாள் சிலம்பரசி, சுவரைப் பார்த்தபடியே. "விடியக்காலம் ரெண்ட விட்டுட்ட மாமா." அவன் அவளைப் பார்த்தான். "திங்கள்" என்றான், "எட்டு." "எட்டு." "செவ்வாய் ஒம்பது." "ஒம்பது." "புதன்..." "புதன் நீ டூட்டியில இருந்த. அது எனக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்." சொன்னான். ஹேமாவதியின் விரல் தட்டச்சுப் பலகைக்கு மேலேயே நின்றிருந்தது. சனிக்கிழமை முடிந்ததும் அவன் கேட்டான், "எப்டித் தெரியும்? தாப்பாளுக்குத்தான் கிரீஸ் போட்டேனே." சிலம்பரசி முதல்முறையாகத் திரும்பினாள், கண் சிவந்திருந்தது, குரலில் ஈரமில்லை. "தாப்பாளுக்குப் போட்ட. தண்ணித் தொட்டிக்கு என்னா போட்ட? ரெண்டே பேர் இருக்கற வூட்ல ஒரு நாளைக்கு ரெண்டு தடவ மோட்டார் போடறேன். கால்மிதி எந்நேரமும் ஈரம். எனக்கு எண்ணத் தெரியாதா?" "அப்ப ஏன் சொல்லல?" "நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். பதினேழாம் பக்கத்துல கையெழுத்துப் போட்டேனே, நீ நல்லா இருக்கன்னு நெனச்சா போட்டேன்?" ஹேமாவதி தொண்டையைச் செருமினாள். "அண்ணா, வாயால சொல்றத ஏத்துக்க முடியாது. திருத்துன அட்டையும் செல்லாது, அதைத் தள்ளிடுவாங்க. புது அட்டை தரேன். இன்னொரு ஏழு நாள். உள்ளபடி எழுதணும், பக்கத்துல அக்கா கையெழுத்துப் போடணும். அதுலயும் ரத்தத்துலயும் சரியா வந்தா மேல போகலாம், எடுப்போம்னு உறுதி சொல்ல மாட்டேன்." படிவத்தைத் திரையில் இன்னொரு தடவை பார்த்தாள். "டூட்டின்னாங்களே. என்ன வேலைண்ணா?" படிவத்தில் மத்திய அரசுப் பணி என்று மட்டும் எழுதியிருந்தான். "ரயில் ஓட்டறேன்." "இப்பவுமா?" "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு." அவள் ஒன்றும் எழுதவில்லை. "நாங்க யாருக்கும் தகவல் அனுப்ப மாட்டோம். அது உங்க பாடு" என்று எழுந்து, புது அட்டையை அவன் கையில் தராமல் சிலம்பரசியின் கையில் கொடுத்துவிட்டு, மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். செருப்புச் சத்தம் லிப்ட் வரைக்கும் கேட்டது.

அவன் கைபேசியை எடுத்தான். நாளைக்கு நான் வரல பிரிசில்லா, சிக் லீவு போடறேன், காரணத்தையும் எழுதிக் குடுக்கப் போறேன் என்று தட்டினான். தட்டி முடித்து அனுப்புவதற்குள் பதினொரு வருஷத்துச் சிக்னல்கள் எல்லாம் ஒரு தடவை கண்ணில் ஓடின, பனியில் தெரிந்தது, மழையில் தெரிந்தது, லோக்கூர் வளைவில் ஆலமரத்துக்குப் பின்னாலிருந்து திடீரென்று தெரிகிற அந்த ஒன்று. இனி அதை யாராவது சொல்வார்கள், யாராவது திருப்பிச் சொல்வார்கள். அனுப்பினான். உடனே பதில் வந்தது, ஒரே வரி: சரி சார், வரல. அதற்குக் கீழே கொஞ்சம் கழித்து இன்னொரு வரி: நானும் ஒண்ணு எழுதிக் குடுக்கணும் சார், எஞ்சினுக்கு கழிவறை கேட்டு. அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, வயிற்றைக் கேட்காமலே வந்துவிட்டது, வந்ததும் வயிறு முறுக்கிக்கொண்டது. அவன் எழுந்து நடந்தான். முப்பத்தொரு காலடி. ஓடவில்லை, ஒளியவுமில்லை, நடக்க முடிந்த வேகத்தில் நடந்தான். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, போடும்போது நடை முழுக்கக் கேட்கும்படி கிறீச்சிட்டது. வெளியே, காலியான நாற்காலி வரிசையிலிருந்து, பேனா மூடி திறக்கிற சின்ன ஓசை. "ஒண்ணு" என்றாள் சிலம்பரசி, உரக்க. உள்ளே நெற்றியைச் சில்லென்ற சுவர் டைல்ஸில் சாய்த்தபடி அவன், "ஒண்ணு" என்றான். அவன் வெளியே வந்தபோது அவள் மோர் பாக்கெட்டையும் நகலையும் கைப்பையில் போட்டுக்கொண்டு லிப்டை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தாள், வருவான் என்று தெரிந்து நடக்கிறவளின் நடை. டிவியை யாரோ அணைத்திருந்தார்கள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, களைப்பாக, அவள் பின்னால் நடந்து போனான்.